ரம்ஜானுக்கு முந்தின சர்வீஸ்

பில்கிஸ் அம்மாவிடம் ரம்ஜான் முடிந்துவிட்டது என்று இன்றைக்குச் சொல்லிவிடுவதாகத்தான் வந்தேன்.

வந்தவன், அவர்கள் வீட்டு லானில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உப்பு பூத்த ஸ்பிரிங்க்ளர் நாசிலைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். சொல்ல வாய் வரவில்லை.

ஆடி மாத வெயில் பிடரியில் அடிக்கிறது. பெருநாள் போய், பக்ரீத்தும் போய்விட்டது. காலையில் போன் செய்து, "பிரகாஷ், ரம்ஜானுக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணிட்டுப் போ" என்றார். வைகாசியிலும் இதையே சொன்னார். ஆனியிலும் சொன்னார். இரண்டு தடவையும் மறுபேச்சு பேசாமல் வந்து செய்துவிட்டுப் போனேன்.

ஆம்பூர்ப் பக்கம் லான் வைத்த பங்களாக்களில் ஸ்பிரிங்க்ளர் பராமரிப்பது என் தொழில். மற்ற வீடுகளுக்குக் கோடைக்கு முன் ஒன்று, மழைக்கு முன் ஒன்று, மழை விட்ட பிறகு ஒன்று. பில்கிஸ் அம்மாவின் கணவர் முனீர் அகமது சாகிப் வீட்டுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரே சர்வீஸ். அதுவும் ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள்.

ஆரம்பத்திலேயே சாகிப் அப்படித்தான் சொல்லிவிட்டார். தோல் வியாபாரம் செய்கிறவரிடம் புல்லைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியுமா? ரம்ஜானோ வருஷா வருஷம் முன்னால் நகர்கிற மாதம். அக்னி நட்சத்திரத்தில் தொடங்கிய என் சர்வீஸ் இப்போது மாசிப் பனிக்குப் போய்விட்டது. இதனால் புல்லுக்கு என்ன லாபம் என்று கேட்டால் சாகிப் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் சாயங்காலம்தான் தெரியும்.

எல்லா வால்வையும் ஒன்றாகத் திறந்து நான் சோதிக்கிற நேரத்துக்கு வீடே லானுக்கு வந்துவிடும். பேரப்பிள்ளைகள் "பாரிஷ்வாலா, பாரிஷ்வாலா" என்று என்னைச் சுற்றிச் சுற்றிக் கத்துவார்கள். மழைக்காரனாம் நான். மகள் தபஸ்ஸும் துப்பட்டாவோடு நனைந்து அம்மாவிடம் திட்டு வாங்குவாள். சாகிப் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்று, வாயை ஆவென்று திறந்து, அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். நாளையிலிருந்து பகலில் ஒரு சொட்டு இறங்கக் கூடாது, அதனால் இன்றைக்கே குடித்துக்கொள்கிறேன் என்பார்.

அப்படி ஒரு கும்மாளத்தை நான் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே இந்த வீட்டில்தான்.

இப்போது பிள்ளைகள் ஜெர்மனியிலும் ஜித்தாவிலும் இருக்கிறார்கள். சாகிப் மாடியை விட்டு இறங்குவதில்லை. மிச்சம் பில்கிஸ் அம்மா ஒருத்தர்தான். ஒரு நாசில் சொட்டினாலும் போன் போட்டு என்னைப் பேஜார் பண்ணுகிறவர், எதையும் மறக்காதவர். அவருக்கா இப்படி?

அவரிடம் சொல்லிவிட்டு, ஜித்தாவில் இருக்கிற மகன் ஹம்மாதுக்கும் போன் செய்ய வேண்டும். ஹம்மாத் வந்தால் வீட்டைப் பூட்டி, இரண்டு பேரையும் கையோடு அழைத்துப் போய்விடுவார். அதற்கு நான்தானா கிடைத்தேன்?

நாசிலை மாட்டிவிட்டு எழுந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பில்கிஸ் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, ரம்ஜான் வந்து..."

"முடிஞ்சு போச்சு. தெரியும்" என்றார். "எனக்கு இன்னா மூள கலங்கிடுச்சுன்னு நெனச்சியா?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பின்னாலிருந்து, வீட்டு வேலைக்கு இருக்கிற சௌமியா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் சாகிப் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது.

அம்மா குரலைத் தாழ்த்தினார். "அவருக்குத்தான் தெனமும் ரோஸா, நோன்பு. பகல்ல ஒரு சொட்டு தண்ணி எறங்க மாட்டேங்குது. நோன்பு தொறக்கற நேரத்துல ரெண்டு வாய், அவ்ளோதான். இப்டியே போனா கிட்னி போய்டும்ங்கறாரு டாக்டர். ரம்ஜான் முடிஞ்சுதுன்னு யார் சொன்னாலும் நம்பல. நீ வந்தா மட்டும், இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு நெனச்சுக் குடிக்கறாரு. போன தடவ மாடி ஜன்னல்லேந்தே உன்னப் பாத்துட்டாரு. இப்ப கண்ணு அவ்ளோ தூரம் தெரியல."

நான் போய் எல்லா வால்வையும் திறந்தேன். மண்ணுக்குள்ளிருந்து குழாய்கள் தலை நீட்டித் தண்ணீரை வீசின. சாகிப்பின் மடியில் சாரல் விழுந்தது. அவர் என்னை வெகு நேரம் உற்றுப் பார்த்தார்.

"பாரிஷ்வாலா" என்றார்.

அம்மா டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனார். சாகிப் அதைக் கையால் தடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பிறை தெரிஞ்சிடுச்சா?"

பிறை தெரிந்தால் விடிந்ததும் நோன்பு; நாளைக்கு மறுபடியும் ஒரு சொட்டு இறங்காது. அம்மா டம்ளரை இறக்காமல் என்னையே பார்த்தார்.

ஒரு பிசிறு மேகம் இல்லாத வானத்தை நான் அண்ணாந்து பார்த்தேன்.

"இல்ல சாகிப். ஒரே மேகமா இருக்கு. இன்னிக்குத் தெரியாது."

சாகிப் டம்ளரைத் தன் கையாலேயே வாங்கி, நிறுத்தாமல் குடித்தார்.

"சௌமியா, சொம்போட எடுத்துட்டு வா" என்றார் பில்கிஸ் அம்மா.