குறைக்கென ஒரு கட்டம்

இப்போதே இடம் பிடித்துவைத்துவிட்டு, ஈராண்டு வேலை பார்த்தபின் போய்ச் சேர்கிற எம்.பி.ஏ. படிப்புக்கு விண்ணப்பித்தாள் கல்லூரி இறுதியாண்டு மாணவி ரெஜினா. "பரிந்துரையை நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்றார் பேராசிரியர். தன்னைத் தானே புகழக் கூசிக் கூசி ஒரு பக்கம் நிரப்பினாள். பரிந்துரைப் படிவத்தில் மாணவியின் குறை ஒன்றையும் கேட்டிருந்தார்கள். இல்லாத ஒன்றை யோசித்துப் பிடித்து, அவசரக்காரி என்று எழுதினாள்.

விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாளன்று அவர் பேனாவைத் திறந்து, புகழ்ந்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். "இதெல்லாம் எனக்குத் தெரியாதேம்மா. தெரியாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?" குறைக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது உண்மை."

"சார், அது வந்து..." என்று தொடங்கினாள்.

"பாத்தியா? நான் முடிக்கிறதுக்குள்ள என்ன அவசரம்!"

கனிவாகச் சிரித்துக்கொண்டே, நிதானமாகக் கையெழுத்திட்டார்.