குடியிருக்கத் தகுதியற்ற வீடு

“அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தனியா பதில் சொல்லட்டுங்களா, ஐயா?”

அரசுச் சொத்து வாரியத்தின் இயக்குநர் மறுபடியும் கெஞ்சினார். அந்தக் குளிர்ந்த அறையிலும் அவருடைய சட்டைக் காலர் நனைந்து போயிருந்தது.

நாடாளுமன்றக் குழுவின் தலைவர் மேசையை ஓங்கித் தட்டினார். “தனியாவா? கதவைச் சாத்திட்டுப் பேசற வழக்கமே என்கிட்ட கிடையாது. அதோ, பத்திரிகைக்காரங்க உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்க.”

பின்வரிசையில் பேனாக்கள் பறந்தன. எதற்கெடுத்தாலும் ‘கண்ணாடி மாதிரி இருக்கணும்’ என்று சொல்லிச் சொல்லியே தலைவருக்குக் ‘கண்ணாடியார்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். சிபாரிசு என்று எந்தச் சொந்தக்காரன் வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்புகிறவர் அவர்.

விவகாரம் இதுதான். ஏரிக்கரைச் சாலையில் வாரியத்துக்கு ஒரு பங்களா இருக்கிறது. ‘இடிந்து விழும் நிலை, குடியிருக்கத் தகுதியற்றது’ என்கிறது வாரியத்தின் ஆண்டறிக்கை. போன கோடையில் அங்கே ஏசி மாட்டியதாகவும் அதே ஆண்டறிக்கைதான் சொல்கிறது.

“இடிஞ்சு விழப்போற வீட்டுக்கு எதுக்குங்க ஏசி?” என்று ஆரம்பித்தார் குழுவிலிருந்த வக்கீலம்மா.

“இடியற வரைக்கும் சுவர் வெயில்ல வெடிச்சிடக் கூடாதில்லைங்களா மேடம்? ஒரு முன்னெச்சரிக்கைதான்.”

“சமையலறையில புது மேடை கட்டியிருக்கீங்களே! சுவருக்குப் பசிக்குமோ?”

அறையே சிரித்தது. கண்ணாடியார் மட்டும் சிரிக்கவில்லை. “ஆஸ்பத்திரி நர்சுங்க ராத்திரி டியூட்டி முடிச்சிட்டு, ஒண்டுக் குடித்தனத்துல வரிசையில நின்னு குளிக்கறாங்க. அவங்க மனுவையெல்லாம் காலி வீடே இல்லேன்னு திருப்பி அனுப்பறீங்க. உள்ளே யாரைக் குடிவெச்சிருக்கீங்க?”

“ஐயா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்...”

“என்னையே மிரட்டறீங்களா? கிளம்புங்க எல்லாரும். நேர்லயே போய்ப் பாத்துடுவோம்!”

இயக்குநரின் உதவியாளர் செல்போனும் கையுமாக வெளியே ஓடினார். இயக்குநர் நழுவிவிடக் கூடாதென்று தலைவர் அவரைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். பக்கத்தில் வக்கீலம்மா. மற்ற உறுப்பினர்களும் பத்திரிகைக்காரர்களும் பின்னால் வேன்களில் வந்தார்கள்.

கார் கிளம்பியதும் தலைவரின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அழைப்பைத் துண்டித்தார். உடனே மறுபடியும் அடித்தது.

“வீட்டுலேருந்தா சார்? பேசுங்களேன்” என்றார் வக்கீலம்மா.

“சம்சாரம்தான். வேலை நேரத்துல எனக்குக் குடும்பமே கிடையாது” என்று சொல்லிப் போனையே அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இயக்குநர் தலைவர் பக்கம் குனிந்தார். “ஐயா, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகலை. உங்க காதுல மட்டும்...”

“வக்கீலம்மா காதுலயும் விழட்டும். சொல்லுங்க.”

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவர், தலைவர் வீட்டில் பல வருஷமாக வேலை பார்ப்பவர். யாரையும் வழி கேட்காமல் பெரிய சாலையிலிருந்து ஒடித்து, சந்துக்குள் புகுந்து, ஏரிக்கரைக்கு வந்துவிட்டார். வந்த பிறகுதான் வண்டி ஊர்ந்தது.

“என்னப்பா, மாட்டு வண்டி மாதிரி உருட்டறே?”

“ரோடு சரியில்லைங்கய்யா” என்றார் டிரைவர். சாலை புதுத் தாரில் பளபளத்துக்கொண்டிருந்தது.

பங்களா வெள்ளையடித்துச் சிரித்தது. ஜன்னல்களில் பூப்போட்ட திரைகள். கொடியில் குழந்தைச் சட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

“பாத்தீங்களா, குடியிருக்கத் தகுதியற்ற வீட்டை!” கண்ணாடியார் கேமராக்களைப் பார்த்துத் திரும்பினார். “ஏழைபாழை வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டு எந்தப் பெரிய மனுஷன் இந்த வீட்டைத் தன் ஆளுக்கு வாங்கிக் குடுத்தானோ, அவன் பேரு நாளைக்கு முதல் பக்கத்துல வரணும். போட்டோவோட வரணும். எழுதிக்குங்க!”

எழுதிக்கொண்டார்கள். இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார். தலைவர் படியேறிப் போய் அழைப்பு மணியை விடாமல் அழுத்தினார்.

இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் கதவைத் திறந்தாள். தலைவரின் விரல் மணியிலேயே ஒட்டிக்கொண்டது. மணி அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவர் தலைமுழுகியிருந்த ஒரே மகள்.

பின்னால் நின்ற கூட்டமோ கேமராக்களோ அவள் கண்ணில் படவே இல்லை. உதடு துடிக்க, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

“வீடு நீங்க குடுத்ததுன்னு அம்மா சொன்னப்போ நான் நம்பவே இல்லப்பா!”