பக்கத்து இருக்கை

மூன்றாவது தராசின் எண் ஆடி ஆடி நின்றது.

அவள் மூன்று சக்கரங்களின் எடையையும் கூட்டினாள். நம்பாமல் மறுபடி கூட்டினாள்.

டேங்க் நிரம்பிய விமானம், முந்நூற்று இருபது கிலோ. இந்த ரகத்துக்கு நானூற்று ஐம்பதுக்கு மேல் போனால் பறக்க அனுமதி இல்லை.

மிச்சம் நூற்று முப்பது. அதற்குள் அவளும் நாச்சிமுத்துவும் அடங்க வேண்டும்.

இருவரையும் சேர்த்தால் இருபது கிலோ இடித்தது.

நாச்சிமுத்து கைகளைத் துணியில் துடைத்தபடி நின்றார். எவ்வளவு என்று கேட்கவில்லை.

அவருக்கு முன்பே தெரியும். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

புருஷனும் பெண்டாட்டியுமாகக் கட்டிய விமானம். பம்புசெட் பட்டறைக்குப் பின்னால், ஞாயிறு ஞாயிறாக. அருகருகே இரண்டு இருக்கைகள். ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள்.

போன வருடம் நடுவானில் எஞ்சின் நின்றுபோனது. எடை குறைந்த, சின்ன எஞ்சின். உள்ளே அவள் மட்டும் இருந்தாள்.

சத்தம் அறுந்ததை அவர் கீழே நின்று கேட்டார்.

சோளத்தட்டை விலக்கிக்கொண்டு அவர் ஓடி வந்தபோது, அவள் இறக்கையில் சாய்ந்து நின்று சிரித்தாள். சோளக்காட்டுக்குள் பத்திரமாக இறக்கிவிட்ட சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை.

அடுத்த எஞ்சின் எது என்பதில் வீடே இரண்டுபட்டது. அவளுக்கு மறுபடியும் சின்னது போதும், இரண்டு பேரும் ஏறலாம். அவர் பெரியதில்தான் நின்றார். அவ்வளவு சுலபத்தில் காலை வாராது. ஆனால் முப்பது கிலோ கூடுதல்.

“அப்புறம் நீங்க எப்படீங்க ஏறுவீங்க?”

“எனக்கு ஆகாசமெல்லாம் வேண்டாங் கண்ணு. நீ எறங்கி வந்தாப் போதும்.”

பெரியதே வந்தது. இரண்டு மாதம் அவள் தனியாகப் பறந்து சோதித்தாள். ஒருமுறைகூட அது இருமவில்லை. ஒவ்வொரு முறையும் அவரே டேங்கை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இரண்டு தடவை இறுக்கி அனுப்பினார்.

இருவர் ஏறலாமா என்று பார்க்கத்தான் இன்றைய எடை.

பார்த்தாயிற்று.

அவர் ஸ்பானரை எடுத்தார். விமானத்துக்குள் குனிந்து, தன் இருக்கையின் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

“இதும் போயிட்டா உனக்கு இன்னும் லேசா இருக்கும், கோகிலா.”

அவள் இறக்கைக்கு அடியில் கேனை வைத்து டேங்கின் குழாயைத் திறந்தாள்.

பெட்ரோல் சலசலவென்று விழுந்தது.

அவர் பதறித் திரும்பினார். “என்ன பண்றே?”

“நாம என்ன டெல்லிக்கா போறோம்?”

“முழு டேங்க் இல்லாம…”

“சின்னதா இருந்தாலும் பழைய எஞ்சின்தானுங்க குடிகாரன். இது கொஞ்சமாத்தான் குடிக்குது. ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வந்தாலும் பாதிக்கு மேல மிஞ்சும்.”

கேன் நிரம்பியது. அடுத்த கேனை வைத்தாள்.

தராசுகளில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டேங்கின் கண்ணாடிக் குழாயில் மிச்ச அளவைப் பார்த்தார். விரல் வைத்துப் பார்த்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.

இருபது கிலோ இறங்கியதும் குழாயை மூடினாள்.

அவர் கழற்றிய போல்ட்டைத் திரும்ப முறுக்கினார்.

வெளியே வந்து சட்டைப் பையில் இருந்த அளவு டேப்பை எடுத்துத் தரையில் வைத்தார். சாவிக்கொத்தை வைத்தார். செல்போன், சில்லறை, மூக்குக்கண்ணாடிக் கூடு. கொஞ்சம் யோசித்துச் செருப்பையும் கழற்றினார்.

அதெல்லாம் தேவையில்லை என்று அவள் சொல்லவில்லை.

அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.