கிரிம்ஷாவின் சபதம்

"பந்து உன் கால்ல பட்டாலே போதும், விரல் மேல போயிடும். அம்பயர் அவங்க ஊர் ஆளு. பார்த்து ஆடு," என்று அனுப்பிவைத்தார் கேப்டன் டெரெக்.

ஹெப்வர்த் மைதானத்தில் இறங்கினான். குழாய் ரிப்பேர்காரனான அவன் கடைசி ஆட்டக்காரன். மட்டையைவிட ஸ்பேனர் பிடிப்பதில் கெட்டிக்காரன். டெரெக் ஏற்பாடு செய்திருந்த அம்பயரின் கார் பாதி வழியில் படுத்துவிட்டதால், எதிரணியின் ஊர்க்காரரே அம்பயராக நிற்கும்படி ஆனது.

மீதம் ஒரே ஓவர். தாக்குப்பிடித்தால் ஆட்டம் டிரா. ஆனால் வீசப்போவது லூயிஸ் கிரிம்ஷா. இங்கிலாந்துக்காகப் பதினெட்டு வருஷம் ஓடி, ஐந்நூறு விக்கெட் சாய்த்தவர். நாற்பத்திரண்டு வயதாகியும் விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமை மதுக்கடையில் ஊரே கேட்க, சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரு விக்கெட்கூட எடுக்காவிட்டால் அன்றோடு கிரிக்கெட்டுக்குப் பெரிய கும்பிடு என்று சபதம் போட்டிருந்தார். இதுவரை விழுந்த ஒன்பதும் மற்றவர்கள் எடுத்தவை.

முதல் பந்து நடு ஸ்டம்புக்கு நேராக முழங்காலில் மோதியது. கிரிம்ஷா கத்திய கத்தலில் சுவருக்கு அப்பால் மேய்ந்த ஆடுகள் சிதறின. ஹெப்வர்த் தானாகவே நடையைக் கட்டினான்.

"எங்க போறீங்க? நாட் அவுட்," என்றார் அம்பயர்.

மூன்றாவது பந்து மட்டையில் உரசி விக்கெட் கீப்பர் கைக்குப் போனது. அந்தச் சத்தம் தேநீர் மேஜைவரை கேட்டது. அம்பயர் மட்டும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெரியுதா இல்லையா?" என்றார் கிரிம்ஷா.

"நல்லாவே தெரியுது. பந்தைப் போடுங்க."

ஐந்தாவது பந்தில் ஸ்டம்பே பிடுங்கிக்கொண்டு பறந்தது. நோ-பால் என்று அம்பயரின் கை நீண்டிருந்தது. கிரிம்ஷாவின் கால் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளேதான் விழுந்தது என்று ஹெப்வர்த்தே சத்தியம் செய்வான். அதற்குப்பின் வந்த இரண்டு பந்துகளும் கோபத்தில் எங்கெங்கோ போயின. ஆட்டம் டிரா.

ஹெப்வர்த் நெகிழ்ந்துபோய் அம்பயரின் கையைப் பற்றிக்கொண்டான். சொந்த ஊர்க்காரருக்குச் சாய்வார் என்று தப்பாக நினைத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டான்.

அம்பயர் தொப்பியைக் கழற்றினார். இடுப்பில் கட்டியிருந்த கிரிம்ஷாவின் ஸ்வெட்டரை அவிழ்த்து அவர்மேல் வீசினார்.

"வா லூயிஸ், வீட்டுக்குப் போகலாம். பதினெட்டு வருஷமா தோட்டத்துல புல் வெட்டினது நான். இனிமே நீ," என்றார் திருமதி கிரிம்ஷா.