அறுபதில் ஒருத்தி

“எல்லாருக்கும் ஏறியிருக்கு. எனக்கு மட்டும் எப்படிக்கா இறங்குச்சு?”

முதலாமாண்டு வேதியியல் மாணவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆய்வு மாணவி. அந்தத் துறையில் எல்லோருக்கும் அவள் ‘அக்கா’தான்.

மேசைமேல் அந்தப் பெண்ணின் பதிவெண் போட்ட இரண்டு தாள்கள். இரண்டிலும் ஒரே கேள்வி: அறிவியலைக் கற்க உங்களால் முடியும் என்று எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்? ஒன்று என்றால் துளியும் இல்லை. ஐந்து என்றால் முழுசாக.

‘பயிற்சிக்கு முன்’ என்று முத்திரை விழுந்த தாளில் நாலுக்கு வட்டம் போட்டிருந்தாள். ‘பின்’ தாளில் ஒன்றுக்கு.

துறைத் தலைவர் நடத்திய தன்னம்பிக்கைப் பயிற்சி எட்டு வாரம் ஓடியது. ஆய்வக வகுப்பை ரத்து செய்துவிட்டு எல்லோரும் அரங்கில் கூடினார்கள். நாற்காலிமேல் ஏறி நின்று “என்னால் முடியும்!” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பலூன் ஊதினார்கள்.

ஐம்பத்தொன்பது பேருக்கு நம்பிக்கை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. துணைவேந்தர் நேரில் வந்து கைகுலுக்கினார்.

“நீ ஒரு நாள்கூட வரலையாமே?”

“ஆமாக்கா. அந்த நேரத்துல லேப் காலியா இருக்குமேன்னு அங்க போயிடுவேன்.”

அக்காவுக்குத் தெரியும். ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். எத்தனையோ தடவை சொதப்பிய பிறகு, குடுவையில் கரைசல் வெளிர் சிவப்பாக மாறி அப்படியே நின்றது. இந்தப் பெண் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

வராதவளுக்கு இறங்கிவிட்டது என்றதும் துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்? அறிக்கையில் அவளுக்கென்றே ஒரு பத்தி ஒதுக்கினார். வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளும்படி பக்குவமாக எடுத்துச் சொல்லும் வேலையை அக்காவிடம் விட்டார்.

“போன வாரம் நாலு போட்ட மாதிரிதான் ஞாபகம்.” அந்தப் பெண் தாளை உற்றுப் பார்த்தாள். வட்டம் அவள் போட்டதுதான். “ஆனா பேப்பர்ல ஒன்னுன்னு இருக்கே. நான்தான் என்னைப் பத்தி ஏதோ தப்பா நெனச்சுட்டேன் போல.”

மாறுதல் விண்ணப்பத்தை அவளே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். “தேங்க்ஸ்க்கா” என்று சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அக்கா விண்ணப்பத்தைக் கோப்பில் சேர்த்தாள். அவளுடைய முனைவர் பட்டத்துக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. துறைத் தலைவருடையது.

போன வெள்ளிக்கிழமை, இன்னும் முத்திரை விழாத முன், பின் தாள் கட்டுகள் இரண்டையும் அவர் இடம் மாற்றி வைத்துவிட்டு, முத்திரைகளை அவள் பக்கம் நகர்த்தியிருந்தார். நூற்றிருபது தடவை குத்தியது அவள் கைதான்.

பயிற்சிக்குப் போன ஐம்பத்தொன்பது பேருக்கும் நம்பிக்கை சரிந்திருந்தது.

உயர்ந்தது இந்த ஒருத்திக்குத்தான்.