தடுமாற்றப் பயிற்சி மையம்

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் இருந்தால் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் கோவையில் தெருவுக்குத் தெரு தடுமாற்றப் பயிற்சி மையங்கள். டாக்டர், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் அங்கே திக்கித் திணறி வாசிக்கப் பழகினார்கள். பிள்ளைகளை வாசிக்கவைத்துச் சான்றிதழ் தரும் இயந்திரமும் அவர்களைக் கேட்டுக் கேட்டே, அதுதான் அசல் தடுமாற்றம் என்று கற்றுக்கொண்டது.

நாலு வருடமாக என்னிடம் எழுத்துக்கூட்டிப் போராடும் செவ்வந்தியை அது பத்து நிமிடம் சோதித்தது. "இவள் நடிக்கிறாள்" என்று தீர்ப்பளித்தது.

"என்ற புள்ளைக்கு நடிக்கவே தெரியாதுங்க டீச்சர்," என்று அழுதார் அவள் அப்பா.

வெட்கத்தை விட்டு அவளை ஒரு மையத்துக்கு அழைத்துப்போனேன். பொறுப்பாளர் ஒரு தாளை நீட்டினார்.

"மொதல்ல இதைத் தப்பில்லாம வாசிக்கச் சொல்லுங்க டீச்சர். நல்லா வாசிக்கிற புள்ளைங்கள மட்டுந்தான் நாங்க சேத்துக்கறதுங்க."