ஷீபா அக்காவின் சேர்

ஷீபா அக்கா காகிதங்களைப் பைக்குள் வைத்தபோது, அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இன்றோடு முடிந்தது என்றாள் அக்கா. அடுத்த வாரம் சென்னையில் வேலையில் சேரப்போகிறாளாம். இனி இந்தப் பக்கம் வர வழியில்லையாம்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் உளவியல் ஆராய்ச்சி செய்தவள் அவள். சாப்பிடும்போது வீடுகளில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்க, கட்டுமாவடிக்கு வந்து தங்கியிருந்தாள். ஒரு மாதமாகத் தினமும் எங்கள் வாசலோரம், சிவப்பு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஒரு மாதமும் அப்பா சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். முதல் தடவை அவர் "சொர்ணம்" என்றபோது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு வனிதா அத்தை, தினமும் பெண் பார்க்க வருகிறார்களா என்று அப்பாவைக் கேலி செய்தாள். அதற்கும் அவர் சிரித்தார்.

ஒரு மாதமாக எந்தத் தட்டும் பறக்கவில்லை. அம்மா மேல் கை படவில்லை.

அப்பா வருகிறவரை அக்கா எனக்குத் தன் படிப்பைச் சொல்லிக்கொடுப்பாள். எல்லாரையும் பார்க்க முடியாததால் சில வீடுகளை மட்டும் எடுத்துக்கொள்வது சாம்பிள். அதில் நாங்கள் ஒரு வீடு.

பார்க்க ஆள் இருப்பது தெரிந்தால் மனிதர்கள் தங்களை அறியாமலே மாறிக்கொள்வார்களாம். ஆராய்ச்சியில் அது பிழையாம், கழித்துவிட வேண்டுமாம்.

அதை எதற்குக் கழிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். பரிசோ பயமோ குறித்த நேரத்தில் வந்தால், அது நின்றதும் பழக்கமும் நின்றுவிடும். எப்போது வரும் என்று தெரியாமல் வந்தால்தான் பழக்கம் நெடுநாள் தங்கும்.

இன்று கேட்டேன், பார்க்கிற ஆள் போய்விட்டால் என்ன ஆகும் என்று.

பழையபடி ஆகிவிடுவார்கள் என்று சிரித்தாள் அக்கா.

அம்மா அவளுக்குச் சோறும் மீன் குழம்பும் போட்டுக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் இருப்பது நாலு தட்டு. நாலும் விளிம்பு நெளிந்தவை.

அக்கா நெளிவின் மேல் விரலை ஓட்டினாள். எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடங்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள்.

ஐஸ் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா வந்தார். அக்கா தோளில் பையைப் பார்த்ததும், வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார்.

"முடியலண்ணே," என்றாள் அக்கா. "இனிமே எப்ப வருவேன்னு சொல்லாமத்தான் வருவேன். காலேஜ்ல அப்படித்தான் பாக்கச் சொல்லியிருக்காங்க."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அம்மாவைப் பார்க்கவில்லை.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனாள்.

நான் சேரைத் தூக்கி உள்ளே வைக்கப் போனேன்.

"அது அங்கிட்டே கெடக்கட்டும்," என்றார் அப்பா. "அந்தப் புள்ள வந்தா உக்காரணும்ல."

கழற்றிய பட்டனை மறுபடியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது, எனக்கே தெரிந்தது. ஒரு வாய் வைத்ததும் அவர் கை தட்டின் விளிம்பில் நின்றது.

காலிச் சேரை ஒரு தடவை பார்த்தார்.

"சொர்ணம், கொஞ்சம் ரசம் ஊத்து," என்றார்.